துர்முகி வருஷத்துப் பெண்

இங்கிலாந்தில் சாத்தம் நகரில் என் மகள் குடியிருந்த தெருவில், அடுத்த வீட்டு அம்மையார் தன் கொள்ளுப்பாட்டி ஓர் இத்தாலிக்காரி என்று சொல்வார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; எண்பதைத் தாண்டியவர். அவர் வீட்டு முன்னறைச் சுவரில் அவருடைய பாட்டியின் படம் இருந்தது. அடர்ந்த கறுப்பு முடி, நடு வகிடு, நம் ஊர்ப் பெண்களிடம் காணும் பெரிய கண்கள். பாட்டியின் நிறத்துக்கும் முடிக்கும் அவள் தாய் இத்தாலியில் பிறந்ததுதான் காரணம் என்பது அந்த வீட்டில் தலைமுறையாக வழங்கிய பேச்சு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையே சொல்கிறது என்று ஒருநாள் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

நான் திருச்சி மாவட்டத்தில் வருவாய்த்துறையில் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவள். வாரிசுச் சான்றிதழ் கேட்டு வரும் மனுக்களில் குடும்ப அட்டை ஒரு வயது சொல்லும். பள்ளிச் சான்றிதழ் வேறொன்று சொல்லும். வாக்காளர் பட்டியலில் மூன்றாவது ஒன்று இருக்கும். இறந்துபோனவருக்கு மனைவி ஒருவரா இருவரா என்பதில்கூடத் தாளுக்குத் தாள் முரண் வரும். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் விசாரணை, அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்த பிறகுதான் முடிவுக்கு வருவோம். அதனால் அந்த அம்மையாரின் கோப்பு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

குடும்பத்தார் பெயர்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே யார் பெயரையும் சொல்லாமலே இதை எழுதுகிறேன்.

கோப்பில் நான்கு கணக்கெடுப்புகளின் தாள்கள் இருந்தன. 1861இல் அந்தப் பெண் திருமணமானவள். கணவன் சாத்தம் கப்பல் கட்டும் துறையில் தச்சன். வயது 22, பிறந்த இடம் கென்ட் மாவட்டம் சாத்தம் என்று பதிவாகியிருந்தது. 1871இல் வயது 31, அதே சாத்தம். 1881இல் விதவை, துணி வெளுத்துப் பிழைப்பவள். வயது 44, பிறந்த இடம் இத்தாலி. 1891இல் மகள் வீட்டில் இருக்கிறாள். வயது 52, மறுபடியும் சாத்தம். முப்பது வருஷத்தில் அவளுக்கு முப்பது வயது கூடியிருப்பது சரி. ஆனால் நடுவில் 1871க்கும் 1881க்கும் இடையே பதின்மூன்று வயது கூடி, அடுத்த பத்து வருஷத்தில் எட்டு வயதுதான் கூடியிருக்கிறது. பிறந்த இடமும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

"மூன்று தாளில் சாத்தம், ஒன்றில் இத்தாலி. பெரும்பான்மையை எடுத்துக்கொள்வதா, வீட்டுப் பேச்சை நம்புவதா?" என்று கேட்டார் அம்மையார். தாள்களை எண்ணி முடிவு சொல்வதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. தவறாகச் சொன்ன ஒரே ஆள் மூன்று முறை சொல்லியிருந்தால் அது மூன்று சாட்சி ஆகாது. ஒவ்வொரு தாளிலும் பதில் சொன்னது யார் என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

அதற்கு அந்த நாட்டுக் கணக்கெடுப்பு நடந்த விதம் தெரிய வேண்டும். 1841 தொடங்கி ஆள்களின் பெயரோடு பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதும்படி உத்தரவு. 34 வயதுக்காரர் அதில் 30 ஆகிவிடுவார். 1851 முதல் சரியான வயதும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும், பிறந்த ஊரும் கேட்கப்பட்டன. கணக்கெடுப்பாளர் சில நாள் முன்பே வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போவார். குறித்த இரவில் வீட்டில் தங்கியவர்களின் விவரத்தைக் குடும்பத் தலைவர் நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாத வீடுகளில் கணக்கெடுப்பாளரே கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் தன் பேரேட்டில் படியெடுப்பார். 1901 வரைக்கும் இன்று நமக்குக் கிடைப்பது அந்தப் பேரேடுதான். வீட்டார் நிரப்பிய படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இதெல்லாம் போதாதென்று லண்டன் அலுவலகத்தில் குமாஸ்தாக்கள் பேரேட்டின் மேல் பென்சிலால் கோடு கிழித்துக் கிழித்து எண்ணியிருக்கிறார்கள். பல வயதுகளும் ஊர்ப் பெயர்களும் அந்தக் கோடுகளின் கீழே கிடக்கின்றன.

அப்படியானால் 1861, 1871 தாள்களில் பேசுவது கணவன். 1891இல் பேசுவது மருமகன். 1881இல் மட்டும் அவள் விதவை, அவளே குடும்பத் தலைவி. அவள் தன்னைப் பற்றித் தானே சொன்ன ஒரே தாள் அதுதான். மற்ற மூன்றோடும் அது ஒத்துப்போகாமல் நிற்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கூர்ந்து பார்க்க வேண்டிய தாள் என்று தோன்றியது.

அம்மையாரிடம் இருந்தது கணினி அட்டவணையில் யாரோ தட்டச்சு செய்து வைத்த வரி. நகல் வேண்டாம், பேரேட்டின் படத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். திரையில் அதைப் பெரிதாக்கினார். பிறந்த இடத்துக்கான கட்டம் மிகக் குறுகலானது. கணக்கெடுப்பாளர் ஊர்ப் பெயரை இரண்டாக உடைத்து இரண்டு வரியில் எழுதியிருந்தார். மேல் வரியில் 'டிரிச்சி'. கீழ் வரியில் 'நாப்பொலி'. அதற்கும் கீழே இருந்த சொல்லின் மேல் குமாஸ்தாவின் பென்சில் கோடு தடித்து ஓடியிருந்தது. தட்டச்சு செய்தவர் கீழ் வரியை மட்டும் படித்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம் என்று எடுத்துக்கொண்டு நாட்டையும் தானே சேர்த்துவிட்டார்.

எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றுவிட்டது. டிரிச்சினாப்பொலி! வெள்ளைக்காரர் காலத்துக் கல்வெட்டுகளிலும் பழைய பத்திரங்களிலும் நான் ஆயிரம் முறை பார்த்த பெயர். நான் பிறந்து, படித்து, வேலை பார்த்த ஊர். பக்கத்திலேயே 'பிரிட்டிஷ் பிரஜை' என்ற சுருக்கெழுத்தும் இருந்தது. பென்சில் கோட்டின் கீழே கிடந்தது 'ஈஸ்ட் இண்டீஸ்'. அந்தக் காலத்துத் தாள்களில் இந்தியாவை அப்படியும் எழுதுவார்கள்.

அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் இன்னொரு தாளை எடுத்து வந்தார். வேறு குடும்பம் என்று ஒதுக்கி வைத்திருந்த 1851ஆம் ஆண்டுத் தாள். அதில் ஒரு படைவீரர் ஓய்வூதியர், சாத்தத்தில் குடியிருக்கிறார். அவர் மகள் வயது 14, பிறந்த இடம் ஈஸ்ட் இண்டீஸ். கென்ட் என்றும் இத்தாலி என்றும் தேடிக்கொண்டிருந்தவருக்கு இந்தியா பொருந்தவில்லை. அதனால் தள்ளி வைத்துவிட்டார். பெயர் பொருந்துவது மட்டும் எனக்குப் போதவில்லை. ஒரே பெயரில் ஒரே ஊரில் இரண்டு பேர் இருப்பது எங்கும் உண்டு. பட்டா வழக்குகளில் பாதி அதனால் வருபவை. 1861 தாளை மறுபடி பார்த்தோம். தச்சன் வீட்டில் நான்காவது ஆளாக, 'மாமனார், படைவீரர் ஓய்வூதியர்' என்று ஒரு கிழவர் இருந்தார். பெயர், நார்ஃபோக்கில் பிறந்தவர் என்ற விவரம், பத்து கூடிய வயது, மூன்றும் 1851 தாளோடு ஒட்டின. 1858ஆம் ஆண்டுத் திருமணச் சான்றிதழில் மணப்பெண்ணின் தந்தை என்று அதே பெயர், அதே தொழில். இனிச் சந்தேகம் இல்லை, ஒரே பெண்தான்.

இங்கே அம்மையார் உற்சாகத்தில், 1851 தாளில் அந்த ஓய்வூதியரின் மனைவியாக இருந்தவளைத் தாய் என்று குடும்ப மரத்தில் எழுதப் போனார். நான் தடுத்தேன். கணக்கெடுப்பில் 'மகள்' என்றால் குடும்பத் தலைவருக்கு மகள். அவர் மனைவிக்கும் மகள் என்று பொருள் இல்லை. அந்த மனைவிக்கு வயது 29, பிறந்தது கென்ட். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அவள் தாயாக இருக்க வேண்டுமானால், பதினைந்து வயதில் இந்தியாவில் பெற்றிருக்க வேண்டும். அந்தத் தாளில் இருந்த சிறிய பிள்ளைகள் இருவரும் சாத்தத்தில் பிறந்தவர்கள். தந்தையின் இரண்டாம் திருமணச் சான்றிதழை வரவழைத்தோம்: 1843, சாத்தம், மணமகன் மனைவியை இழந்தவர். இவள் சிற்றன்னை.

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியம் பெற்ற படைவீரர்களின் விடுவிப்புத் தாள்கள் இருக்கின்றன. அதில் அவர் பல வருஷம் இந்தியாவில் இருந்து, 1842இல் சாத்தத்தில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டது தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து நோயாளிகளாகத் திரும்பிய வீரர்கள் சாத்தத்தில் ஃபோர்ட் பிட் என்ற ராணுவ மருத்துவமனைக்கு வந்துதான் விடுவிக்கப்பட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையாக அவள் கப்பலிலிருந்து இறங்கிய மண் சாத்தம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்த தெருக்கள் அவை. அதையே பிறந்த ஊராகக் கணவனிடம் சொல்லியிருந்தால் அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவளுக்குக் கல்யாணம் நடந்தது 1858இல். 1857 எழுச்சியின் செய்திகள் இங்கிலாந்து முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சாத்தமோ படைவீரர்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர். அப்போது ஒரு கறுத்த முடிக்காரப் பெண், நான் இந்தியாவில் பிறந்தவள் என்று எதற்காகச் சொல்லப்போகிறாள்? வயதைக் குறைத்ததற்குக் காரணம் இன்னும் எளிது. 1861இல் கணவனுக்கு 23. தன்னைவிட ஒரு வயது இளையவனைக் கட்டியவள் 22 என்று சொல்லிவிட்டாள். மருமகனும் அந்த வழியிலேயே கணக்குப் போட்டிருக்கிறான். கணவன் போன பிறகு, தன் வீட்டு வாசலில் நின்று தானே பதில் சொன்னபோது உண்மை வயதையும் உண்மை ஊரையும் சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம் தந்தை வீட்டிலும் கணவன் வீட்டிலும் அடங்கி இருந்த அந்தப் பெயர் அப்போது வெளியே வந்தது. அந்த ஊர்க்காரி என்பதால் எனக்கு அவள்மேல் தனி வாஞ்சை வந்துவிட்டது.

வயதைக் கொண்டு பிறந்த காலத்தைக் கணித்தோம். இதில் பலர் வருஷத்திலிருந்து வயதைக் கழித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கணக்கெடுப்பு நடந்த தேதி முக்கியம். 1851இல் அது மார்ச் 30. அன்று 14 வயது என்றால் 1836 மார்ச் 31க்கும் 1837 மார்ச் 30க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். 1881இல் ஏப்ரல் 3. அன்று 44 என்றால் 1836 ஏப்ரல் 4க்கும் 1837 ஏப்ரல் 3க்கும் இடையில். தந்தை சொன்னதும் முப்பது வருஷம் கழித்து அவள் சொன்னதும் ஒரே கால எல்லைக்குள் விழுகின்றன. நம் கணக்கில் அது ஏறக்குறைய முழுத் துர்முகி வருஷம். இதை அம்மையாரிடம் சொன்னபோது, எங்களிடம் அறுபது வருஷத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு என்பதை அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்து ஞானஸ்நானப் பதிவு. இந்தியாவிலிருந்த பாதிரிமார்கள் தங்கள் பதிவேடுகளின் நகலை மாகாண வாரியாக லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. வங்காளம், சென்னை, பம்பாய் என்று தனித்தனி வரிசை. சென்னை மாகாண வரிசையில் திருச்சியைத் தேடினோம். அம்மையாரின் விரல்தான் முதலில் நின்றது. 1836 அக்டோபர் 28இல் பிறந்த பெண் குழந்தை. தந்தையின் பெயரும் படைப்பிரிவும் பொருந்தின. துர்முகி வருஷம் ஐப்பசி மாதம் என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

தாயின் இடத்தில் ஒரே ஒரு கிறிஸ்தவப் பெயர். இதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இங்கிலாந்தின் ஞானஸ்நானப் பதிவுகளிலும் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவளுடைய பெற்றோரின் திருமணப் பதிவு கிடைத்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. அதே பக்கத்தில் இருந்த மற்ற மணப்பெண்களுக்குக் குடும்பப் பெயர் இருந்தது. இவளுக்கு இல்லை. பெயருக்கு நேரே இந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண் என்று பொருள்படும் இரண்டு சொற்கள் இருந்தன.

என் ஊரில் கோட்டைக்குள் சுவார்ட்ஸ் ஐயர் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. கன்டோன்மென்டில் ஹீபர் பேராயரை அடக்கம் செய்த தூய யோவான் ஆலயம் இருக்கிறது. வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகப் போயிருக்கிறேன். அந்தத் தாய் தமிழச்சியாகத்தான் இருப்பாள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் சென்னைப் படையோடு தெலுங்குக் குடும்பங்களும் ஊர் ஊராக வந்து திருச்சியில் தங்கியதுண்டு. ஆகவே 'இந்தியப் பெண். தமிழராக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று எழுதச் சொன்னேன். மனம் விரும்புவதையும் தாள் சொல்வதையும் ஒரே வரியில் எழுதக் கூடாது. தந்தை 1843இல் மனைவியை இழந்தவன் என்று சொன்னானே, அதற்கும் இதே நியாயம்தான். திருச்சிப் பதிவுகளில் அவளுடைய அடக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவன் வாய்ச்சொல் மட்டுமே இருக்கிறது. இறந்தாள் என்று எழுதவில்லை. 'இறந்ததாகக் கணவன் கூற்று, 1843' என்று எழுதி வைத்தோம். குழந்தையோடு அவள் கப்பல் ஏறாமல் போயிருக்கலாம் என்று அம்மையார் சொன்னார். சிறு வயதிலேயே தாயைப் பிரிந்த அந்தச் சிறுமியை நினைத்து அன்று இருவருமே கலங்கினோம்.

முடிவில் அம்மையார் செய்ததை மனதாரப் பாராட்டுகிறேன். முரண்பட்ட தாள்களில் ஒன்றையும் அவர் அழிக்கவில்லை. பிறந்த இடம் டிரிச்சினாப்பொலி என்று எழுதி, அதன் கீழே 1861, 1871, 1891இல் சாத்தம் என்று சொல்லப்பட்டதையும் யார் சொன்னார்கள் என்பதையும் எழுதினார். 'இத்தாலி' என்பது படித்தவரின் பிழை என்று காரணத்தோடு குறித்தார். நாளை வேறொரு சான்று கிடைத்தால் அடுத்து வருபவர் இந்த முடிவைச் சோதித்துப் பார்க்கலாம்.

பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் பார்க்கும் இந்த வசதி நமக்கு இல்லை என்பது என்னை உறுத்துகிறது. பிரிட்டனில் பெயர் உள்ள கணக்கெடுப்புத் தாள்களை நூறு வருஷம் மூடி வைத்துவிட்டுத் திறக்கிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளிவந்தன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் போயின. 1941இல் போரினால் கணக்கெடுப்பே இல்லை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனி ஆள்களின் பதிவுகளை யாரும் பார்வையிட உரிமையில்லை என்கிறது. எண்ணிக்கைகள் நமக்குக் கிடைக்கும், பெயர்கள் கிடைக்காது. உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காப்பது சரிதான். ஆனால் நூறு வருஷம் கடந்தவற்றைத் திறந்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை நம் வீட்டுத் தாள்கள்தான் நமக்குக் கணக்கெடுப்பு. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட பிறந்தநாள் ஒன்று, ஜாதகத்தில் இருப்பது ஒன்று என்று நம்மில் பலர் வீட்டிலும் உண்டு. பெட்டியில் இருக்கும் ஜாதகக் கட்டு, கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய குடும்ப அட்டை, கல்யாண மொய் நோட்டு, ஞானஸ்நானச் சீட்டு, இவற்றில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததைக் கிழித்துப் போடாதீர்கள். தேதியைத் திருத்தி ஒட்டவும் வைக்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் ஒரு வெள்ளைத் தாளை இணைத்து, இதை அன்று சொன்னது யார், எழுதியது யார், எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தவரைக்கும் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.